சைக்ளோட்ரான் கோட்டை அளக்க எந்தத் தொலைநோக்கியின் தரவை எடுப்பது?

முதுகலை இறுதியாண்டு மாணவர் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்: "சார், நியூட்ரான் விண்மீனோட சைக்ளோட்ரான் கோட்டைத் திட்டப்பணியா எடுக்கலாம்னு இருக்கேன். நுஸ்டார் தரவை எடுக்கவா, ஆஸ்ட்ரோசாட் தரவை எடுக்கவா?" கையில் இருப்பது ஆறு மாதம், ஒரு மடிக்கணினி. புதிதாக விண்ணப்பம் போட்டுத் தொலைநோக்கியைத் திருப்பச் சொல்ல நேரமில்லை. காப்பகத்தில் கிடப்பதை இறக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். நுஸ்டார் நாசாவின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, ஆஸ்ட்ரோசாட் இந்தியாவின் விண்வெளி ஆய்வகம். இந்த இரண்டோடு சீனாவின் இன்சைட்-எச்எக்ஸ்எம்டியையும் சேர்த்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் கோடு எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்துக்கொள்ளும் நியூட்ரான் விண்மீனில், அந்தப் பொருள் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டே போய்த் துருவங்களில் விழுகிறது. விழும் வேகம் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாதி. அங்கே காந்தப்புலம் 10¹² காஸ் அளவில் இருக்கும். ஸ்கேன் எடுக்கப் போனால் நம்மைப் படுக்கவைக்கும் எம்ஆர்ஐ எந்திரத்தில் பெரும்பாலும் 15,000 காஸ்தான். அத்தனை வலிய புலத்தில் எலக்ட்ரான் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. புலத்துக்குக் குறுக்கே அதன் இயக்கம் படிக்கட்டு போலப் பிரிந்துவிடுகிறது. லாண்டாவ் மட்டங்கள் என்று பாடத்தில் படித்தது இதைத்தான். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள இடைவெளிக்குச் சமமான ஆற்றலோடு வரும் எக்ஸ் கதிர் ஃபோட்டான்களை எலக்ட்ரான்கள் பிடித்துச் சிதறடிக்கின்றன. அதனால் நிறமாலையில் அந்த இடம் குழிந்துபோகிறது. கோடு என்று சொல்கிறோமே தவிர, பார்வைக்கு அது அகலமான பள்ளம்தான்.

கணக்கும் எளிது. புலத்தை 10¹² காஸ் என்ற அலகில் எழுதி 11.6ஆல் பெருக்கினால் படியின் உயரம் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (இனி கி.எ.வோ.) கிடைக்கும். விண்மீனின் ஈர்ப்பிலிருந்து ஏறி வெளியே வருவதற்குள் ஃபோட்டான் கொஞ்சம் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே நம் கருவியில் தெரிவது அதை ஏறத்தாழ 1.3ஆல் வகுத்த அளவு. ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற நியூட்ரான் விண்மீனின் கோடு 37 கி.எ.வோ.வில் இருக்கிறது, திருப்பிப் போட்டால் புலம் 4×10¹² காஸுக்குச் சற்று மேல். துருவத்துக்கு அருகே உள்ள புலத்தை நேராக அளக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இந்த ஹெர்குலிஸ் எக்ஸ்-1இலிருந்துதான் கதை தொடங்குகிறது. 1976 மே 3 அன்று டெக்சஸ் மாநிலத்தின் பாலஸ்டைன் என்ற ஊரிலிருந்து ஜெர்மன் இயற்பியலாளர் யோவாக்கிம் ட்ரூம்பரின் குழு ஒரு பலூனைப் பறக்கவிட்டது. அதில் இருந்த கருவி பதிவுசெய்த நிறமாலையில் 58 கி.எ.வோ. பக்கம் ஒரு மேடு தெரிந்தது. 1978இல் வந்த கட்டுரை அதை உமிழ்வுக் கோடு என்றே சொன்னது. அப்புறம்தான், அது மேடே இல்லை, 40 பக்கம் உள்ள பள்ளத்தின் அந்தக் கரை என்ற பார்வை வலுத்தது. புள்ளிகள் அதே புள்ளிகள். அவற்றுக்கு அடியில் இழைவாக வரையும் தொடர் நிறமாலையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் மேடும் பள்ளமும் இடம் மாறின.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. கருவியைத் தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் எல்லோரும் "எது கோட்டை நன்றாகக் காட்டும்?" என்று கேட்கிறார்கள். எது கோட்டின் இரண்டு கரைகளையும் நன்றாகக் காட்டும் என்று கேட்டால்தான் தேர்வு சரியாக அமையும். ஒரு கரை ஆட்டம் கண்டால் பள்ளத்தின் ஆழமும் ஆடும், நடுவிடமும் ஆடும், அதை வைத்துச் சொல்லும் காந்தப்புலமும் ஆடும்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

நுஸ்டார் 2012 ஜூன் 13 அன்று மேலே போனது. 3 முதல் 79 கி.எ.வோ. வரை பார்க்கும். அந்த வரம்பில் எக்ஸ் கதிர்களைக் கண்ணாடி வைத்துக் குவித்துப் படமாக எடுத்த முதல் விண்வெளித் தொலைநோக்கி அதுதான். கண்ணாடிக்கும் உணரிக்கும் நடுவே 10 மீட்டர் நீளக் கம்பம் விண்வெளிக்குப் போன பிறகுதான் விரிந்தது. ஆற்றல் பிரிதிறன் 10 கி.எ.வோ.வில் 0.4, 68இல் 0.9. இந்த எண்களைப் பார்த்ததும் மாணவர்கள் மயங்கிவிடுகிறார்கள். ஆனால் சைக்ளோட்ரான் கோட்டுக்கு அந்தக் கூர்மை அவ்வளவாகத் தேவையில்லை. கோடே பல கி.எ.வோ. அகலத்துக்குப் பரந்து கிடக்கும்போது, அரை கி.எ.வோ. கூர்மையை வைத்துக்கொண்டு பெரிதாகச் சாதிக்க ஒன்றுமில்லை.

நுஸ்டாரை எடுக்கச் சொல்வதற்கு உண்மையான காரணம் பின்னணி, அதாவது விண்மீனிலிருந்து வராமலே கருவியில் பதிவாகும் எண்ணிக்கை. அது படம் எடுக்கிறது. விண்மீன் ஒரு சின்னப் பொட்டாக விழுகிறது. அதே படத்தில் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடத்தை எடுத்துப் பின்னணியாகக் கழித்துவிடலாம். கழிக்க வேண்டியதும் மிகக் குறைவு. ஆகவே 50, 60 கி.எ.வோ. வரை அந்த மேல் கரையை நம்பி நிற்கலாம். கோடு 20க்கும் 45க்கும் இடையில் விழும் விண்மீன்களுக்கு இரண்டு கரையும் கைக்குள் இருக்கும். செஃபியஸ் எக்ஸ்-4 (30), ஹெர்குலிஸ் எக்ஸ்-1 (37), 4யூ 1626-67 (37) எல்லாம் இந்த வகை. வேலா எக்ஸ்-1இல் 25இல் ஒரு மெல்லிய கோடும் 55இல் அதன் இரட்டைமடங்கும் (அடுத்த படிக்கான, ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலில் வரும் கோடு) உண்டு. நுஸ்டார் 2012 ஜூலையிலும் 2013 ஏப்ரலிலும் அதைப் பார்த்தபோது, விண்மீன் பிரகாசமாகும்போது அந்த மேல் கோடு உயர் ஆற்றல் பக்கம் நகர்வது பதிவானது. ஜிஎக்ஸ் 301-2இல் ஒரே அகலமான பள்ளம் என்று நினைத்திருந்ததை 35இலும் 50இலும் உள்ள இரண்டு கோடுகளாகப் பிரித்துக் காட்டியதும் நுஸ்டார் தரவுதான்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஃபோட்டானையும் படித்து முடிக்க நுஸ்டாருக்கு 2.5 மில்லி விநாடி பிடிக்கிறது. அதற்குள் அடுத்தது வந்தால் கணக்கில் வராது. அதாவது ஒரு உணரித்தொகுதி விநாடிக்கு 400 எண்ணுவதே உச்சம். திடீரென வெடித்துப் பிரகாசிக்கும் விண்மீன்களில் நேரத்தின் பெரும்பகுதி இப்படி வீணாகப் போகும். இன்னொன்று, 3க்குக் கீழே அதற்குக் கண் கிடையாது. வழியில் உள்ள வளிமம் மென்கதிர்களை (ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்களை) எவ்வளவு உறிஞ்சியது என்பதை அதனால் தனியாகத் தீர்மானிக்க முடியாது. அந்தக் கீழ் வரம்பைப் பார்க்கும் ஸ்விஃப்ட் அல்லது நைசர் தொலைநோக்கியின் தரவு அதே நாளில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆஸ்ட்ரோசாட் இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 அதைக் கொண்டுபோனது. அதில் நமக்கு வேண்டியது லாக்ஸ்பிசி. மும்பையின் டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்த மூன்று பெரிய செனான் வளிமப் பெட்டிகள். 3 முதல் 80 கி.எ.வோ. வரை பார்க்கும். மூன்றும் சேர்ந்து 15 கி.எ.வோ. பக்கத்தில் ஏறத்தாழ 6,000 சதுர செ.மீ. பரப்பு. நுஸ்டாரின் பரப்பு அதில் பல மடங்கு குறைவு. ஃபோட்டான் வந்த நேரத்தை 10 மைக்ரோ விநாடித் துல்லியத்தில் குறித்துக்கொள்ளும். மழை பெய்வது போல ஃபோட்டான் கொட்டினாலும் அசராது. விண்மீன் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அதைப் பத்து இருபது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பரப்பு பெரிய வரம். கூடவே எஸ்எக்ஸ்டி என்ற மென்கதிர்த் தொலைநோக்கி 0.3 முதல் 8 வரை அதே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். கீழ்க் கரைக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை.

மேல் கரையில்தான் சிக்கல். லாக்ஸ்பிசி படம் எடுப்பதில்லை. ஏறத்தாழ ஒரு பாகை அகலத்துக்கு வானத்தைத் திறந்து வைத்து, உள்ளே வருவதையெல்லாம் எண்ணுகிறது. பின்னணியை வேறொரு வெற்று வானப் பகுதியைப் பார்த்த தரவிலிருந்து மாதிரி செய்து கழிக்க வேண்டும். பிரகாசம் குறைந்த விண்மீன் என்றால் 40, 50 கி.எ.வோ.வுக்கு மேல் மிஞ்சுவது விண்மீனா, பின்னணியில் விட்டுப்போன மிச்சமா என்று சத்தியம் செய்ய முடியாது. அதைவிட நுட்பமான ஒரு பொறி 30க்கும் 35க்கும் நடுவில் காத்திருக்கிறது. செனான் அணுவின் உள் ஓட்டு விளிம்பு 34.6 கி.எ.வோ. அதற்கு மேல் ஆற்றலுள்ள ஃபோட்டான் வந்து மோதினால், செனான் தானே 30 கி.எ.வோ. பக்கம் ஒரு ஃபோட்டானை வெளியே விடும். அது பெட்டியின் வேறு மூலையில் பிடிபடலாம், தப்பித்தும் போகலாம். பிடிபட்டால் இரண்டையும் கூட்டி ஒன்றாக எண்ண வேண்டும். இந்தக் கணக்கு எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் அந்த இடத்தில் கருவியின் பதிற்செயல் வளைவில் (எந்த ஆற்றலில் வந்த ஃபோட்டானைக் கருவி எப்படிப் பதிவுசெய்யும் என்று காட்டுவது) ஒரு மடிப்பு இருக்கத்தான் செய்யும். அந்த மடிப்பின் அருகிலேயே 37இல் ஒரு கோட்டைத் தேடிப் போவது ஓட்டைப் படகில் ஏறி ஆற்றின் ஆழம் பார்ப்பது மாதிரி.

ஆகவே லாக்ஸ்பிசிக்கு ஏற்ற விண்மீன்கள் வேறு. கோடு 25க்குக் கீழே இருக்க வேண்டும். 4யூ 1907+09இல் அது 18 பக்கம். 4யூ 1538-52இல் 21, 22 பக்கம். இரண்டுமே மெதுவாகச் சுற்றுபவை: முன்னது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 440 விநாடி, பின்னது 526 விநாடி. இந்த இரண்டையும் லாக்ஸ்பிசி தரவில் துடிப்புக் கட்டம் வாரியாக, அதாவது சுற்றின் துண்டு துண்டாக, வெட்டிப் பார்த்த ஆய்வுகள் 2019இலேயே வந்துவிட்டன. ஆகவே உங்கள் முடிவை ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் ஆதாரம் உண்டு. சின்ன மெகல்லன் மேகத்தில் உள்ள எஸ்எக்ஸ்பி 15.3இல் 5 கி.எ.வோ. பக்கம் ஒரு கோடு இருப்பதாகச் சொன்ன ஆய்விலும் ஆஸ்ட்ரோசாட் தரவுக்குப் பங்குண்டு.

தேதியையும் பார்த்து எடுங்கள். 2018 மார்ச்சில் மூன்றாவது பெட்டி வளிமக் கசிவால் நிறுத்தப்பட்டது. அதே மாதத்திலிருந்து முதல் பெட்டியில் சமிக்ஞையைப் பெருக்கும் அளவும் நிலையாக இல்லை. அதற்குப் பிந்தைய தரவில் நடுப்பெட்டியை மட்டும் நம்பி வேலை செய்வதுதான் வழக்கம். மூன்று பெட்டிகளின் பரப்பைப் பார்த்து மயங்கி 2020ஆம் ஆண்டுத் தரவை இறக்கிவிட்டு, எண்ணிக்கை மூன்றில் ஒன்றாக இருக்கிறதே என்று விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்சைட்-எச்எக்ஸ்எம்டிக்கு நீண்ட பேச்சு வேண்டாம். 2017 ஜூன் 15 அன்று ஜியூச்சுவானிலிருந்து ஏவப்பட்டது. மூன்று கருவிகள் சேர்ந்து 1 முதல் 250 கி.எ.வோ. வரை பார்க்கும். அதில் உயர் ஆற்றல் கருவிக்கு மட்டும் 5,100 சதுர செ.மீ. பரப்பு. நுஸ்டாரின் கண்ணாடி 79இல் கைவிரிக்கும் இடத்துக்கு அப்பால் கோடு இருந்தால் இதுதான் கதி. ஜிஆர்ஓ ஜே1008-57இல் 90 கி.எ.வோ. கோட்டை ஐயமில்லாமல் உறுதிசெய்தது இது. 2017இல் வெடித்த ஸ்விஃப்ட் ஜே0243.6+6124இல் சில துடிப்புக் கட்டங்களில் 146 கி.எ.வோ. வரை போகும் கோட்டைக் காட்டியது; அது 1.6×10¹³ காஸ் புலத்தைக் குறிக்கிறது. ஏ 0535+26 2020 நவம்பரில் பெரிதாக வெடித்தபோதும் இது தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கோடு 45 பக்கம், இரட்டைமடங்கு 100 பக்கம். ஆனால் இதுவும் படம் எடுக்காத கருவி. மங்கலான விண்மீனுக்கு இதை எடுத்தால் பின்னணியோடு மல்லுக்கட்டுவதிலேயே ஆறு மாதமும் போய்விடும்.

இனி, நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எது? பெரும்பாலோர் கோட்டுக்கும் பிரகாசத்துக்கும் உள்ள உறவைத்தான் எடுக்கிறார்கள். ஒளிர்வு விநாடிக்கு 10³⁷ எர்க் என்ற அளவை ஒட்டி ஒரு எல்லை இருக்கிறது. அதற்கு மேலே விழும் பொருளைக் கதிர்வீச்சே தடுத்து நிறுத்துவதால் துருவத்தின் மேல் ஒரு தூண் எழும்புகிறது. பிரகாசம் கூடக் கூடத் தூண் உயரும், கோடு உருவாகும் இடமும் புலம் குறைந்த மேற்பகுதிக்குப் போகும், கோடு கீழே இறங்கும். எல்லைக்குக் கீழே நடப்பது நேர்மாறு: பிரகாசம் கூடினால் கோடும் ஏறும். ஹெர்குலிஸ் எக்ஸ்-1 இரண்டாவது வகைக்கும், வி 0332+53 முதல் வகைக்கும் எடுத்துக்காட்டு. வி 0332+53 வெடிப்பு தணிந்து மங்கியபோது அதே விண்மீன் இரண்டாவது வகைக்கு மாறுவதையும் நுஸ்டார் தரவு காட்டியது. மங்கலான நிலையில் பார்க்க வேண்டியிருப்பதால் இங்கே லாக்ஸ்பிசியும் எச்எக்ஸ்எம்டியும் போட்டிக்கே வராது.

இந்த உறவைத் தேடுகிறவர்கள் 4யூ 0115+63 பட்ட பாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. அதன் அடிப்படைக் கோடு 12 கி.எ.வோ. பக்கம், அதற்கு மேலே இரு மடங்கு, மும்மடங்கு என்று நான்கு கோடுகள் வரை எண்ணியிருக்கிறார்கள். பிரகாசம் குறையும்போது அடிப்படைக் கோடு மேலே ஏறுகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. தூண் விளக்கத்துக்கும் அழகாகப் பொருந்தியது. 2013இல் வந்த ஒரு ஆய்வு, தொடர் நிறமாலைக்கு வேறொரு வாய்பாட்டைப் போட்டு, 10 கி.எ.வோ. பக்கத்து மேட்டைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தது. கோடு நகரவே இல்லை. முந்தைய ஆய்வுகளில் நகர்ந்ததாகத் தெரிந்தது, கோட்டுக்கான சார்பு தொடர் நிறமாலையின் வளைவுக்கும் சேர்த்து ஈடுகட்டியதால் வந்த வினை. கருவியை மாற்றாமல் வாய்பாட்டை மட்டும் மாற்றினாலே முடிவு தலைகீழாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நேர்வு எனக்குத் தெரியாது. முதல் திட்டப்பணிக்கு இந்த விண்மீனை நான் யாருக்கும் தருவதில்லை. கோடுகள் நிறைய இருக்கின்றனவே என்ற ஆசை வரத்தான் செய்யும். இத்தனை பள்ளங்களுக்கு நடுவே கரை எங்கே இருக்கிறது?

வேறு சிலர் கோடு ஆண்டுக்கணக்கில் நகர்கிறதா என்று பார்க்க விரும்புவார்கள். ஹெர்குலிஸ் எக்ஸ்-1இன் கோடு 1996இலிருந்து 2012 வரை ஏறத்தாழ 5 கி.எ.வோ. இறங்கி, பிறகு நின்றுவிட்டது. ஆண்டுக்கு என்று வகுத்துப் பாருங்கள், 0.3தான் வரும். இரண்டு கருவிகளின் அளவுத்திருத்த வேறுபாடே அதை விழுங்கிவிடக்கூடும். ஆகவே பாதிக்கு ஒரு கருவி, மீதிக்கு இன்னொரு கருவி என்று கலக்காதீர்கள். பத்தாண்டுக்கு மேல் ஒரே கருவியில் அந்த விண்மீனைத் திரும்பத் திரும்பப் பார்த்த தரவு நுஸ்டார் காப்பகத்தில் இருக்கிறது.

கோட்டுக்கான சார்பைப் பற்றியும் ஒரு சொல். நிறமாலைக்கு வாய்பாடு பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் இரண்டு தேர்வுகள் உண்டு: காஸ் வடிவம் (மணி போன்ற வளைவு, புலத்தின் அலகு அல்ல), லாரன்ட்ஸ் வடிவம். ஒரே தரவுக்கு இரண்டையும் பொருத்தினால் நடுவிடம் ஒன்றாக வராது; லாரன்ட்ஸ் வடிவம் தாழ்வான எண்ணையே தரும். பழைய ஆய்வில் லாரன்ட்ஸ் போட்டிருக்க, நீங்கள் காஸ் போட்டுவிட்டு "கோடு மேலே ஏறியிருக்கிறது" என்று எழுதினால் தேர்வாளர் சும்மா விடமாட்டார். தொடர் நிறமாலைக்குத் திடீர் முறிவு உள்ள வாய்பாட்டைப் போட்டால், அந்த முறிவிடத்திலேயே பொய்யாக ஒரு பள்ளம் முளைக்கும். வழுவழுப்பாக வளையும் வேறு ஒன்றையாவது சேர்த்துப் போட்டுப் பார்த்து, இரண்டிலும் கோடு அசையாமல் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நடுவே ஒன்று: 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட எக்ஸ்போசாட்டில் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் போலிக்ஸ் கருவி 8 முதல் 30 கி.எ.வோ. வரை முனைவாக்கம் (கதிரின் அதிர்வு ஒரே திசையில் எவ்வளவு ஒழுங்குபட்டிருக்கிறது என்பது) அளப்பதற்கானது. கோட்டின் அருகே முனைவாக்கம் மாறும் என்பது கோட்பாட்டின் எதிர்பார்ப்பு. ஆனால் நாசாவின் முனைவாக்கம் அளக்கும் ஐக்ஸ்பி தொலைநோக்கி ஹெர்குலிஸ் எக்ஸ்-1ஐப் பார்த்தபோது, கோட்டுக்கு வெகு கீழே, 2 முதல் 8 வரையான வரம்பிலேயே கோட்பாடு சொன்னதைவிட மிகக் குறைவாகத்தான் கிடைத்தது. சுவையான இடம்தான். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் ஆகாது.

என்னிடம் வருகிறவருக்கு நான் சொல்வது இது. துடிப்புக் கட்டம் வாரியாக வெட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் 2018 மார்ச்சுக்கு முந்தைய லாக்ஸ்பிசி தரவில் 4யூ 1538-52. எதிலும் பிடிவாதம் இல்லை, கோடு ஒன்றை ஒழுங்காக அளந்து பழகினால் போதும் என்றால் நுஸ்டாரில் செஃபியஸ் எக்ஸ்-4. இறக்குவதற்கு முன்பு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, எக்ஸ்ஸ்பெக்கில் போலி நிறமாலை செய்து பாருங்கள். நீங்கள் எடுக்கப்போகும் கருவியின் பதிற்செயல் கோப்பு, பின்னணிக் கோப்பு, எதிர்பார்க்கும் கோடு, கையில் உள்ள நோக்கு நேரம், இவ்வளவு போதும். அந்தப் போலித் தரவில் நீங்களே வைத்த கோட்டின் நடுவிடம் ஒரு கி.எ.வோ.வுக்குள் திரும்பக் கிடைக்கவில்லை என்றால், விண்மீனை மாற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள்.